மூன்றாவது லாச்சி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறைசொல்லக் கூடாது. சுவிசில், பாசல் நகரத்தில் எட்டாம் இலக்க ட்ராம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஜெர்மன் எல்லைக்கு அப்பால் போய் மலிவாகச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிற கூட்டம். எனக்குப் பின்னால் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்: "அவ ஆராவில இருக்கிறா. மனுசன் அடிச்ச பச்சைக்கு மேல வெள்ளையை அடிச்சுப்போட்டு, இப்ப இருந்து அழுறா."

அவ்வளவுதான். (ஆரா, இங்கிருந்து ரயிலில் போகிற தூரத்தில் ஒரு சின்ன நகரம்.) அடுத்த தரிப்பில் இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பதினொரு நாட்களாக மல்லுக்கட்டுகிறேன். தொடக்கமே பிடிபட மாட்டேன் என்கிறது. எழுதி வெட்டியவற்றை மறைக்காமல் கீழே தருகிறேன்.

தொடக்கம் ஒன்று: "யூஜினி தூரிகையைக் கையில் எடுத்தாள்." வெட்டினேன். தூரிகை எடுக்கிறவர்கள் கதைகளில் மட்டும்தான் இருக்கிறார்கள். யூஜினி எடுப்பது பிரஷ்.

தொடக்கம் இரண்டு: "ஆராவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது." இதையும் வெட்டினேன். சுவிசில் இருந்து தமிழில் எழுதுகிறவன் ஒவ்வொருவனும் முதல் வரியிலேயே பனியைக் கொட்டிவிடுகிறான். இந்தக் கதை முடியும்வரை பனி பெய்யாது. வாக்குத் தருகிறேன்.

தொடக்கம் மூன்று: "கிறகோரி இறந்து மூன்று வருடங்களுக்குப் பிறகு, அவருடைய மனைவி யூஜினி ஒரு கொமோட்டைத் தேடி..." இது பாதியில் நிற்கிறது. ஆனாலும் இதுதான் சரியென்று படுகிறது.*

* கொமோட் என்றதும் சிரிக்காதீர்கள். நீங்கள் நினைப்பது வேறு. இங்கே கொமோட் என்றால் இடுப்பளவு உயரமான, லாச்சிகள், அதாவது இழுப்பறைகள், வைத்த அலுமாரி. உடுப்பு மடித்து வைப்பதற்கு. இந்தக் கதையில் வருவதற்கு நான்கு லாச்சிகள். இனிமேல் சிரிக்கக் கூடாது.

2

அஞ்சலா பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அஞ்சலா, யூஜினிக்கும் கிறகோரிக்கும் ஒரே மகள். அப்போது கிறகோரிக்கு நிரந்தர வேலை இல்லை. மன்னாரில் இருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம். நகரசபைப் பட்டறையில் ஒரு தற்காலிக வேலை கொடுத்திருந்தார்கள். ஆற்றங்கரையில் ஆட்கள் உட்காரப் போட்டிருக்கிற வாங்குகளைக் கொண்டுவந்து, பழைய பெயின்றைச் சுரண்டி, புதிதாகப் பச்சை அடிப்பது.

கொமோட்டைத் தெருவில்தான் கண்டெடுத்தார்கள். யாரோ வீடு மாறும்போது, "இலவசம்" என்று ஒரு துண்டை ஒட்டி வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல பலகை, மேல்பூச்சு மட்டும் சிரங்கு பிடித்தமாதிரி உரிந்திருந்தது. கிறகோரி ஒரு நண்பனைக் கூட்டிவந்து மூன்று மாடி தூக்கி ஏற்றினார். பட்டறை மேலாளரிடம் கேட்டு, அடியில் பச்சைப் பெயின்ற் மிஞ்சிய ஒரு தகர டப்பாவையும் கொண்டுவந்தார். பிறக்கப்போகிற பிள்ளையின் உடுப்புக்கு.

வாங்குக்கு அடிப்பது வேறு, வீட்டுக்குள் நிற்கிற சாமானுக்கு அடிப்பது வேறு. அது அவருக்குத் தெரியவில்லை. வாங்கு வெளியே வெயிலில் காயும். இது தை மாதம், பூட்டிய யன்னல், உள்ளே பெயின்ற் மணத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுக்கிற மனைவி. (குளிர்தான், பனி இல்லை. வாக்கைக் காப்பாற்றுகிறேன்.) எண்ணெய்ப் பெயின்ற் ஒரு கிழமையாகியும் காயவில்லை. யூஜினி பக்கத்து வீட்டில் போய் இருந்தாள். இடப்பக்கம் மூன்று இடத்தில் பெயின்ற் வழிந்து அப்படியே உறைந்தது. பிரஷ்ஷின் மயிர்கள் ஆங்காங்கே ஒட்டிக் கிடந்தன. பொறுமையில்லாத மனுசன், காய்ந்துவிட்டதா என்று பார்க்க மூன்றாவது லாச்சியைப் பிடித்துத் தூக்க, லாச்சியின் முகப்பில் வலது மூலையில் அவருடைய பெருவிரல் அச்சொட்டாகப் பதிந்துவிட்டது.

"என்னப்பா இது?" என்றாள் யூஜினி.

"பொறு. பிறகு திருத்துவம்."

பிறகு திருத்தவேயில்லை. அந்த லாச்சி மட்டும் அதற்குப் பிறகு இறுகிப் போயிற்று. தடித்த பெயின்ற் பலகையோடு பலகையைப் பிடித்துக்கொண்டது. முழுக்கச் சாத்தினால் திறக்க வராது. ஆகவே எப்போதும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே நிற்கும்.

(கிறகோரியின் வலக்கைச் சின்ன விரல் சிறுவயதில் முறிந்து, மடங்காமலே நின்றுவிட்ட ஒன்று. இந்தத் தகவல் இந்த இடத்துக்குத் தேவையில்லை. எங்கே போடுவதென்று தெரியாமல் அடைப்புக்குள் போட்டுவைக்கிறேன்.)

அஞ்சலா வளர்ந்தபோது கிறகோரி ஓர் உணவகச் சமையலறையில் வேலைசெய்தார். பின்னேரம் நாலு மணிக்குப் புறப்பட்டால், பிள்ளை நித்திரையான பிறகுதான் வருவார். படுக்கப் போகுமுன் அஞ்சலா கொமோட்டுக்கு முன்னால் நின்று, தன் சின்னப் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைப்பாள். "அப்பாக்குக் குட்நைற் சொல்லியாச்சு." ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் விரலை வைத்து அளந்து பார்ப்பாள். பன்னிரண்டு வயதிலும், "இன்னும் இடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஓடுவாள்.

3

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு கார்த்திகை மாதம், வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்த கிறகோரி நிமிரவில்லை. பின்னேரம் நாலு மணி.

யூஜினிக்கு முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் காலை வேலை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டிலிருந்து நாலு வரை ஒருமாதிரிச் சமாளிக்கலாம். நாலு மணியானால் சப்பாத்துத் தட்டுப் பக்கம் பார்க்க முடியாது. அவர் வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. வேறொன்றும் இல்லை, அவர் வேண்டும். கதவைச் சாத்தும்போது "வாறன்" என்கிற அந்தக் குரல் வேண்டும். போகிறவர்தான் "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இல்லத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு கூர்ஸ் வகுப்பின் விளம்பரம் ஒட்டியிருந்தது: பழைய தளபாடங்களுக்குப் புது வாழ்வு, புதன்கிழமை நாலிலிருந்து ஆறு. நேரத்தைப் பார்த்துத்தான் பெயரைக் கொடுத்தாள். என்ன கூர்ஸ் என்று பிறகுதான் வாசித்தாள்.

அவளுக்கு அந்த வேலை வாய்த்துவிட்டது. சுண்ணக்கட்டிபோல மங்கலாகக் காய்கிற சோக் பெயின்ற், அதற்கு மேல் மெழுகு, விளிம்புகளில் மெல்லத் தேய்த்து நூறு வருடப் பழசுபோலக் காட்டுகிற வித்தை, வெடிப்பு விழுத்துகிற பூச்சு, லேஸ் துணியை வைத்து மேலே அடித்துப் பூவேலை எடுப்பது எல்லாம் ஒரு குளிர்காலத்துக்குள் கைக்கு வந்தன. உனக்கு ஆடாத கை என்று கூர்ஸில் படிப்பித்த அம்மா சொன்னாராம். சாப்பாட்டுக் கதிரைகள் வெள்ளையாயின. சப்பாத்துத் தட்டு இளநீலமாயிற்று. கிறகோரி இருந்து தொலைக்காட்சி பார்க்கிற கதிரை சாம்பல்வெள்ளையாகி, அதன் முதுகில் ஒரு லேஸ் பூவும் வந்தது. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வீட்டில் ஏதோ ஒன்று ஈரமாக இருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் கிட்டப் போய்ப் பார்க்கலாம், தொட முடியாது, காவல் இருக்கலாம்.

ஓராண்டு நினைவுப் பூசைக்கு முந்தின மாதம், முறை கொமோட்டுக்கு வந்தது.

இந்த இடத்தில் எனக்கு யூஜினியில் நம்பிக்கை குறைகிறது. வழிசல்களைத் தேய்த்து மட்டமாக்கினாள், சரி. சனம் வரும், சாப்பிடும், நாலு கதை சொல்லும். கிறகோரியின் தமக்கை ஒருமுறை, "உதென்ன, அழுது வடிஞ்சுகொண்டு நிக்குது?" என்று கேட்டுமிருந்தார். ஆனால் பெருவிரல்? அதை எப்படித் தேய்த்தாள்?

விடை ஒன்று: கவனிக்கவில்லை. (பொய். ஒவ்வொரு நாளும் அதைத்தான் கவனித்தாள்.)

விடை இரண்டு: வேலைசெய்கிற கைக்குப் பிழை பிழையாகத்தான் தெரியும். (பாதி உண்மை.)

விடை மூன்றை அவளுடைய வாயாலேயே எழுதுகிறேன்: "பாக்க ஏலாமல் இருந்தது. அதில விரலை வைக்காமல் அந்தப் பக்கம் போக ஏலாது. வச்சால் வேலைக்குப் போக ஏலாது. இது எங்கயாவது முடியவேணுமெண்டு தேய்ச்சுப்போட்டன்."

சுவிஸ் நாட்டில் தேய்ப்பதற்கும் நேரம் உண்டு. மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை சத்தம் போடக் கூடாது, ஞாயிறு முழுக்கக் கூடாது. அதனால் மெசின் போடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையாலேயே சாண்ட்பேப்பரைப் பிடித்துத் தேய்த்தாள். முகப்பை மட்டும். உள்ளுக்கு யார் பார்க்கிறார்கள்? உள்ளே ஒரு மெல்லிய பூச்சு. வெளியே மூன்று பூச்சு, மெழுகு, விளிம்புகளில் கொஞ்சம் முதுமை. அவள் செய்ததிலேயே அதுதான் அழகு.

லோசானில் தாதியாக வேலைசெய்கிற அஞ்சலா பூசைக்கு வந்தாள். தகப்பனின் கதிரையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். தன்னுடைய பழைய அறைக்குள் போய்க் கொமோட்டுக்கு முன்னால் நின்றாள். பெருவிரலை நீட்டிக்கொண்டு போனவள், வைக்க இடமில்லாமல் கையை மடக்கிக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவையும் சேத்து வெள்ளையடிச்சிட்டியள்."

சாப்பாடு முடியுமுன் புறப்பட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் தொலைபேசி: சாப்பிட்டியளோ, குளிரோ, வேலை எப்பிடி. அவ்வளவோடு சரி. வீட்டுப் பக்கம் வரவில்லை.

யூஜினிக்கும் பிறகு அந்த வெள்ளையைப் பார்க்க முடியவில்லை. கொமோட்டைக் கெல்லருக்கு, அதாவது நிலவறைக்கு, இறக்கினாள். போன இலையுதிர் காலத்தில் இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றுவிட்டாள். வாங்கியவர் ஒரு பாசல்காரர், தமிழர். அதிகம் கதைக்காதவர் என்று வைத்துக்கொள்வோம். கதைக்கு அவர் முக்கியமில்லை.

4

பங்குனியில் ஒரு ஞாயிறு. அஞ்சலாவுக்கு ஏழாம் மாதம்.

"அம்மா, அந்தக் கொமோட் இருக்கோ?"

"எது?"

"அப்பா அடிச்சது. பிள்ளையின்ர உடுப்பு வைக்க. வெள்ளையெண்டாலும் பரவாயில்லை, அதுக்குக் கீழ பச்சை கிடக்குமெல்லே. நான் சுரண்டி எடுப்பன்."

இரண்டு வருடத்தில் மகள் கேட்கிற முதலாவது பொருள். நிலாவைக் கேட்டிருந்தாலும் யூஜினி அதையேதான் சொல்லியிருப்பாள்.

"ஓம், இருக்கு. கீழ கெல்லருக்குள்ள இருக்கு."

எங்கள் சனத்துக்குத் தொலைபேசியில் "இல்லை" என்று சொல்ல வராது. கடன் கேட்டாலும், கலியாணத்துக்குக் கூப்பிட்டாலும், வருத்தமோ என்று விசாரித்தாலும், வாய் முதலில் "ஓம்" என்றுவிடும். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த ஓமை எப்படி நிறைவேற்றுவது என்று மண்டையை உடைப்போம். யூஜினி உடைத்தாள்.

"குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் சனி வாறம். ஜஸ்ரின் வான் எடுக்கிறார்," என்றாள் அஞ்சலா. ஜஸ்ரின் அவளுடைய கணவன். "வாறம்" என்ற சொல்லைக் கேட்டதும் யூஜினிக்குக் கண் நிறைந்துவிட்டது. கொமோட்டுக்காகத்தான் வருகிறாள் என்றாலும், வருகிறாள்.

பழைய சாமான் விற்கிற புறொக்கியில் நாலு லாச்சி வைத்த இன்னொரு கொமோட் அகப்பட்டது. உயரம் ஒன்று, கால்கள் கொஞ்சம் வேறு. நகரசபைப் பட்டறைக்குப் போய் வாங்குப் பச்சையின் இலக்கம் கேட்டாள். எதற்கு என்று கேட்டார்கள். "என்னுடைய மனுசன் இங்கே வேலைசெய்தவர்" என்று மட்டும் சொன்னாள். எழுதிக் கொடுத்தார்கள்.

அடித்தாள். ஆடாத கை, கண்ணாடிபோல வந்துவிட்டது. பிழை ஒன்றுகூட இல்லை. நின்று பார்த்தாள், அடுக்குமாடி அலுவலக வாசலில் வைக்கிற சாமான்போல இருந்தது. மறுபடி பெயின்றை அள்ளித் தடிப்பாக அப்பினாள். வழிந்தது. ஆனால் மூன்று வழிசலும் ஒரே நீளத்தில், அளவெடுத்தமாதிரி வழிந்தன. துடைத்தாள். இடக்கையால் அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். பழையதைப்போலக் காட்டக் கற்றுக்கொடுத்த கூர்ஸில், அவசரப்படுகிற ஒரு மனுசனைப்போல அடிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

கடைசியாக மூன்றாவது லாச்சி. வலது மூலை. பெயின்ற் ஈரமாக இருந்தது. யூஜினி தன்னுடைய பெருவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். ஒடுக்கமான விரல், முப்பது வருடம் சலவைத்தூளில் ஊறி ரேகை தேய்ந்த விரல். அது அவளுடைய அடையாளமாகத்தான் இருந்தது, வேறு யாருடையதுமில்லை. துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, ஈரமான கொமோட்டுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

5

முடிவு அ: அஞ்சலா வருகிறாள், பச்சையைப் பார்க்கிறாள், வழிசலைத் தடவுகிறாள், தாயைக் கட்டிப்பிடிக்கிறாள். போலியென்று தெரியாமலே லோசானுக்குக் கொண்டுபோகிறாள். எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்தது. அதுதான் சந்தேகமாக இருந்தது, வெட்டிவிட்டேன்.

முடிவு ஆ: அஞ்சலாவுக்குத் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது லாச்சி இறுகாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதே! ஆனாலும் ஒன்றும் சொல்லாமல், "நல்லாயிருக்கு அம்மா" என்று ஏற்றிக்கொண்டு போகிறாள். இதற்கு உங்களில் சிலர் கண்ணைத் துடைப்பீர்கள். என் சிநேகிதன் ஒருவனுக்கு வாசித்துக் காட்ட, அவன் துடைத்தான். அதனாலேயே வெட்டினேன்.

முடிவு இ: யூஜினி தொலைபேசியை எடுக்கிறாள். "அஞ்சலா, நான் உனக்கு ஒரு விசயம்..."

இதற்கு மேல் எழுத முடியவில்லை. ஏனென்றால் யூஜினி தொலைபேசியை எடுத்தது உண்மை. முதலில் அழைத்தது அஞ்சலாவை அல்ல. பாசல்காரரை.

6

ட்ராமில் யாரும் எனக்குப் பின்னால் இருக்கவில்லை. ட்ராம் உண்மை, நான் எல்லைக்கு அப்பால் சாமான் வாங்கப் போவதும் உண்மை, அந்தப் பெண்கள் இருவரும் பொய். உண்மைக்கு மேல் ஒரு பூச்சு அடித்துவிட்டேன். இப்போது அதைச் சுரண்டுகிறேன்.

கதைக்கு முக்கியமில்லை என்று சொன்ன பாசல்காரன் நான்தான். இந்தக் கதையின் ஒவ்வொரு வரியும் அந்தக் கொமோட்டின் மேல் கொப்பியை வைத்து, நின்றுகொண்டு எழுதியது.

மருந்து நிறுவனமொன்றின் உணவுக்கூடத்தில் வேலைசெய்கிறேன். மூன்று மணிக்கு வீடு. ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு யன்னல்; மேசை வைக்க இடமில்லை. ஆறு வருடமாக ஒரு வரியும் எழுதாமல் இருந்தவன். உடுப்பு வைக்க வாங்கிய சாமானின் மேல், ஒருநாள் தற்செயலாகக் கொப்பியைத் திறந்தேன். எழுத்து வந்தது. அன்றிலிருந்து வருகிறது. அது அந்த இடத்தால் வருகிறதென்று நான் நம்புகிறேன். மூடநம்பிக்கை என்று சொல்லுங்கள். ஆறு வருடம் எழுதாமல் இருந்து பார்த்தவனிடம் சொல்லுங்கள்.

இதுவரை அவரை "அவள்" என்று எழுதினேன். நேரில் அப்படி வாய் வராது. யூஜினி அக்கா. வாங்கப் போன அன்று ஒரே ஒருமுறை கண்டேன். வானில் ஏற்றுமுன் தன் சட்டைக் கையால் மேல்பலகையைத் துடைத்துவிட்டு, "தம்பி, மூண்டாவது லாச்சியை முழுக்கச் சாத்திப்போடாதேங்கோ, பிறகு வராது," என்றார். அவ்வளவுதான் கதைத்தோம்.

பிறகு பதினொரு நாட்களுக்கு முன் தொலைபேசி. தொடக்கம், கிறகோரி, பெருவிரல், அஞ்சலா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "இன்னொண்டுக்கு அடிச்சுப் பாத்தன், தம்பி. வரேல்லை," என்றும் சொன்னார். நாலாம் பகுதியில் நீங்கள் வாசித்த இடக்கை, மூடிய கண், நிலத்தில் இருந்தது, எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்து நான் கட்டியவை. கடைசியில், "அதைத் திரும்பித் தருவியளோ? வேற நல்லதொண்டு செய்து தாறன்," என்றார்.

"யோசிச்சுச் சொல்லுறன், அக்கா," என்றேன்.

நான் யோசிக்கவில்லை. எழுதினேன். அவர் கேட்டது கொமோட்டை. நான் அதையும் வைத்துக்கொண்டு, அவருடைய கதையையும் எடுத்துக்கொண்டேன். முடிவு அ, முடிவு ஆ என்று நான் மினுக்கிக்கொண்டிருந்தது எல்லாம், முடிவு ஒன்று என் அறைக்குள்ளேயே நிற்பதைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான்.

நேற்று இரண்டாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். "லாச்சியைப் பிடித்துத் தூக்க, அவருடைய பெருவிரல் அச்சொட்டாகப் பதிந்துவிட்டது." அந்த வாக்கியத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரு மனுசன் லாச்சியைத் தூக்குகிறான். பெருவிரல் வெளியே. மற்ற விரல்கள்?

அரை வருடமாக அந்த லாச்சியைத் திறந்து சாத்துகிறேன். காற்சட்டைகள் அதற்குள்தான். இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே நிற்கும், மேல் விளிம்பில் பிடித்து இழுப்பேன். உள்ளே கை போகிற இடத்தில் பலகை கொஞ்சம் கரடுமுரடு, அது எனக்குத் தெரியும். பலகையின் குறை என்று நினைத்திருந்தேன். நேற்றுத்தான் டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய வெள்ளைப் பூச்சுக்குக் கீழே, பழைய பெயின்ற் உள்ளேயும் வழிந்து தடித்திருந்த இடத்தில், பக்கத்தில் பக்கத்தில், மூன்று பள்ளங்கள்.

டோர்ச்சை வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். யாருமில்லாத வீடு. ஒவ்வொரு நாளும் ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் உடுப்பு மாற்றியிருக்கிறேன்.

7

"அக்கா, நான் பாசல்ல இருந்து."

"ஓம் தம்பி, சொல்லுங்கோ."

"அந்தப் பெருவிரல் எந்த லாச்சியில இருந்தது?"

"மூண்டாவதில. வலப்பக்கம். அதை நான் தேய்ச்சுப்போட்டன், தம்பி. இனி அதைப்பற்றிக் கதைச்சு என்னத்துக்கு?"

"வெளியில தேய்ச்சியள். உள்ளுக்கும் தேய்ச்சனீங்களோ?"

"உள்ளுக்கு ஏன் தேய்க்கிறது? ஒரு பூச்சு அடிச்சனான், அவ்வளவுதான்."

"பெருவிரலால மட்டும் லாச்சியைத் தூக்கேலாது, அக்கா."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தொலைபேசியைப் பார்த்தேன்.

"எத்தினை?" என்றார்.

"மூண்டு."

"சின்ன விரல் இராது." என்றார். "அது அவருக்கு மடங்காது."

(அடைப்புக்குள் போட்டுவைத்ததை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள்.)

"இப்ப நீங்கள் அதுக்குக் கிட்டவோ நிக்கிறியள்?"

"ஓம்."

"ஒருக்கா வையுங்கோ பாப்பம்."

வைத்தேன்.

"எப்பிடி இருக்கு?"

இத்தனை பக்கம் எழுதியவனுக்குச் சொல் வரவில்லை. கடைசியில், "என்ர விரலுக்குப் பெரிசு, அக்கா. இன்னும் இடம் இருக்கு," என்றேன்.

அவர் அழுதார். நான் சோடித்து எழுதவில்லை, அழுதார். வெகுநேரம் அழவிட்டேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வீட்டுக்கு வந்த ஆளோடு கதைக்கிற குரலில் சொன்னார்: "தம்பி, அஞ்சலாக்கு இண்டைக்கு உண்மையைச் சொல்லப்போறன். கெல்லர்ல இல்லை, வித்துப்போட்டன் எண்டு. பேசட்டும். அப்பாவின்ர விரல் ஒரு இடத்தில இருக்கெண்டும் சொல்லுவன். நீங்கள் தாறதும் தராததும் உங்கட விருப்பம். நான் இனிக் கேக்கமாட்டன்."

அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மறுத்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

நான் சொன்ன பதில்... (இந்த வாக்கியத்தை நான்கு முறை எழுதி நான்கு முறையும் வெட்டினேன். அப்படியே கிடக்கட்டும்.)

8

இன்று குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் சனி. லோசானில் இருந்து ஒரு வான் வெளிக்கிட்டிருக்கும். அது ஆராவோடு நிற்குமா, பாசல்வரை வருமா என்பதை உங்களிடம் விடுகிறேன். ஏமாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் எழுதினால் அழகாக எழுதிவிடுவேன். வழிசல் இல்லாமல், மூன்று பூச்சு, மெழுகு, விளிம்பில் கொஞ்சம் கண்ணீர். எனக்கு என்னில் நம்பிக்கை இல்லை.

லாச்சிகள் நான்கும் வெறுமையாக இருக்கின்றன. காற்சட்டைகள் கட்டிலில் கிடக்கின்றன. தூசி துடைக்கவும் ஆட்கள் லாச்சியை வெறுமையாக்குவது உண்டு.

இந்தக் கடைசிப் பகுதியை எங்கே வைத்து எழுதினேன் என்பதும் உங்களுக்குத் தெரியாது. கொமோட்டின் மேல் என்றால் எழுத்து நேராக இருக்கும். கட்டிலில், முழங்காலில் வைத்து என்றால் கோணல்மாணலாகப் போயிருக்கும். அச்சில் வரும்போது எல்லாம் நேராகத்தான் தெரியும்.

ஆகவே நீங்களே எழுதுங்கள். லோசானில் ஓர் அறை. புதிதாகத் துவைத்து மடித்த, உள்ளங்கை அளவு சட்டைகள். கொமோட் அங்கே நிற்கிறதா இல்லையா என்பதை முடிவுசெய்யுங்கள். நிற்கிறதென்று எழுதினால், அஞ்சலாவுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். மூன்றாவது லாச்சியை முழுக்கச் சாத்த வேண்டாம். திறக்கும்போது மேல் விளிம்பில் பிடித்து, மெதுவாக இழுக்கவேண்டும். பெருவிரல் வெளியே, மற்ற விரல்கள் உள்ளே.